அலாய் வீல் பளபளப்பைக் காப்பாற்ற யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, வீடு திருவான்மியூரில், கடலுக்குப் பக்கம். காரில் டைமண்ட் கட் அலாய் வீல், அதாவது முகப்பை லேத்தில் சீவிப் பளபளப்பாக்கிய அலுமினியக் கலவை வீல். முன் வீல்களின் விளிம்பில், கிளியர் கோட் என்கிற நிறமற்ற மேல்பூச்சுக்கு அடியில், புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளைக் கோடுகள். கல் பட்டுக் கீறிய இடத்தில் உப்புக்காற்று புகுந்து அலுமினியத்தை அரிக்கிறது போல. வாட்டர் வாஷ் கடையில் ஆசிட் கிளீனர்தான் அடிக்கிறார்கள். வேண்டாம் என்றால், "அப்பதான் சீக்கிரம் போகும் சார்" என்று பதில். அதனால் வீட்டிலேயே, சூடு ஆறிய பிறகு, கார் ஷாம்பூ போட்டுக் கழுவுகிறேன்.

பின் வீல்கள் நன்றாக இருக்கின்றன. அவற்றுக்கு மெழுகு போதுமா, செராமிக் கோட்டிங் வேண்டுமா? கெட்ட இரண்டையும் மறுபடி லேத்தில் சீவலாமா, பொடியைத் தெளித்துச் சூட்டில் உருக்கிப் பூசும் பவுடர் கோட்டிங்கா? அதற்கு 200 டிகிரி வரை சூடாக்குவார்களே, அலாய் பலவீனமாகாதா? சென்னையில் செய்து பார்த்தவர்கள் செலவையும் சொல்லுங்கள்.