டேங்க் பிரிண்டரில் கருப்பு மட்டும் கோடு கோடாக வருகிறது, ஏழு முறை கிளீனிங் செய்தும் சரியாகவில்லை

மாடிவீடு:
வணக்கம். எங்களிடம் இருப்பது மூன்று வருடப் பழைய இங்க் டேங்க் பிரிண்டர். மே மாதம் முழுக்க ஊரில் இருந்துவிட்டு வந்து பிரிண்ட் போட்டால், கருப்பு எழுத்துகளுக்குக் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கோடு. கலர் மூன்றும் பளிச்சென்று வருகின்றன. டேங்கில் கருப்பு மை பாதிக்கு மேல் இருக்கிறது. ஹெட் கிளீனிங் (மை தெளிக்கும் பாகமான ஹெட்டைப் பிரிண்டரே சுத்தம் செய்வது) ஏழு முறை ஓட்டிவிட்டேன். முதல் தடவை கொஞ்சம் தேறிய மாதிரி இருந்தது, நாலாவதுக்கு அப்புறம் இன்னும் மோசம். கடையில் காட்டினால் "ஹெட் போயிடுச்சு, மாத்தணும்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். அவர்கள் சொன்ன விலைக்கு மேலே கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கிவிடலாம். நாளை மறுநாள் மகள் ரெக்கார்டு நோட்டு கொடுக்க வேண்டும். என்ன செய்வது?

கத்துக்குட்டி:
ஹெட்டில் ஸ்பிரிட் விட்டுப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள். எனக்கு ஒருமுறை சரியானது.

பழையசர்வீஸ்:
மேடம், ஸ்பிரிட்டும் வேண்டாம், பஞ்சும் வேண்டாம். ஹெட்டில் மை வெளியே வரும் நாசில் ஓட்டை தலைமுடியை விட மெல்லியது. பஞ்சு நார் ஒன்று அதில் மாட்டினால் போச்சு.

முதலில் கிளீனிங்கை நிறுத்துங்கள். பெயர்தான் கிளீனிங். ஹெட்டுக்கு அடியில் ரப்பர் மூடியை அழுத்தி, பம்பால் மையை உறிஞ்சி வெளியே எடுப்பதுதான் அங்கே பெரும்பாலும் நடக்கிறது. அந்த மை எல்லாம் கீழே இருக்கும் வேஸ்ட் இங்க் பேடில் போய் ஊறும். அதற்குப் பிரிண்டர் கணக்கு வைத்திருக்கிறது. கணக்கு முடிந்தால் 'பேட் நிறைந்துவிட்டது' என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும், அது தனிச் செலவு.

இதுவரை எடுத்த நாசில் செக் தாள்களை (சோதனைக் கோடுகள் அச்சாகும் தாள்) வரிசையாக வைத்துப் பாருங்கள். கோடு விட்டுப்போன இடம் எல்லாத் தாளிலும் ஒன்றேதானா, தாளுக்குத் தாள் மாறுகிறதா? ஒரே இடம் என்றால் காய்ந்த மை அடைத்திருக்கிறது. மாறினால் காற்று ஏறியிருக்கிறது. இன்னொன்று, ஊருக்குக் கிளம்பும்போது எப்படி ஆஃப் செய்தீர்கள்?

மாடிவீடு:
நல்லவேளை, தாள்களைத் தூக்கிப் போடவில்லை சார். இடம் மாறுகிறது. ஆஃப் செய்வது எப்போதும் ஸ்விட்ச் போர்டில்தான். பிரிண்ட் வந்து விழுந்ததும் மாமனார் சுவிட்சைத் தட்டிவிடுவார்.

பழையசர்வீஸ்:
அதுதான் விஷயம். பிரிண்டரின் பட்டனை அழுத்தினால் ஹெட் ஓரத்துக்குப் போய் மூடிமேல் சரியாக உட்கார்ந்துகொள்ளும். விளக்கு அணைந்த பிறகுதான் போர்டைத் தொட வேண்டும். அதற்கு முன்னால் கரண்டை நிறுத்தினால், ஹெட் பாதி வழியில் வாய் திறந்தபடி நின்றாலும் நிற்கும். ஒரு மாத வெயிலுக்கு அது போதாதா? இந்த மாதிரி பிரிண்டர்கள் பலவற்றில் கருப்பு மட்டும் பிக்மென்ட் மை, கலர் டை மை. பிக்மென்டில் நுண்ணிய தூள் மிதக்கிறது, காய்ந்தால் படிந்துவிடும். டை கரைசல், சீக்கிரம் அடைக்காது.

இன்றைக்குப் பட்டனில் ஆஃப் செய்து 12 மணி நேரம் விடுங்கள். அப்புறம் ஒரே ஒரு கிளீனிங், ஒரு நாசில் செக்.

ஜெராக்ஸ்கடை:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் ஏழு முறை உறிஞ்சியும் தேறவில்லை என்றால் நான் மூடியைத்தான் சந்தேகப்படுவேன். ரப்பர் விளிம்பு சரியாக ஒட்டவில்லை என்றால் பம்பு மைக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கும். உறிஞ்சுகுழாயில் விரிசல் விட்ட மாதிரி.

ஆன் செய்து ஹெட் நடுவுக்கு வரும்போது பிளக்கைப் பிடுங்குங்கள் அக்கா (இந்த ஒரு தடவைக்கு மாமனார் பாணி பரவாயில்லை). ஹெட்டைக் கையால் மெதுவாகத் தள்ளிவிட்டு, டார்ச் அடித்து மூடியைப் பாருங்கள். விளிம்பை நார் உதிராத துணியை ஈரமாக்கி ஒற்றி எடுங்கள், மூடிக்குள் இருக்கும் ஸ்பாஞ்சில் நாலு சொட்டு விடுங்கள். இன்வர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும். குழாய்த் தண்ணீர் உப்பு, தொடாதீர்கள். பிளக்கை மாட்டி ஆன் செய்து, பட்டனில் ஆஃப் செய்து ராத்திரி விட்டுவிடுங்கள்.

ரெக்கார்டு அவசரம் என்றால் ஒரு குறுக்கு வழி. பிரிண்ட் செட்டிங்கில் தாள் வகையைப் போட்டோ பேப்பர் என்று மாற்றி, சாதாரண தாளையே வையுங்கள். பல மாடல்களில் அப்போது கருப்பு டேங்கைத் தொடாமல் மூன்று கலரையும் கலந்து கருப்பாக்கும். கொஞ்சம் பழுப்படிக்கும், தாளும் ஈரமாக வரும், காய விடுங்கள். மை நிறையக் குடிக்கும், அதனால் வழக்கமாக்க வேண்டாம்.

மாடிவீடு:
சரியாகிவிட்டது! மூடியில் கருப்புக்கும் கலருக்கும் தனித்தனிக் குழி இருந்தது. கருப்புப் பக்கத்து விளிம்பில் மை தார் மாதிரி காய்ந்திருந்தது, அதற்குள் ஒரு நீளத் தலைமுடி. என்னுடையதா மகளுடையதா என்று இன்னும் முடிவாகவில்லை. மூன்று முறை ஒற்றியதும் முடியோடு சேர்ந்து வந்தது. காலையில் ஒரு கிளீனிங், நாசில் செக்கில் இரண்டு கோடு மட்டும்தான் விட்டுப்போயிருந்தது. மதியம் இன்னொன்று போட்டேன், முழுசாக வந்துவிட்டது. ரெக்கார்டு 14 பக்கமும் எடுத்தாயிற்று.

ஜெராக்ஸ்கடை:
மகிழ்ச்சி அக்கா. இனி வாரத்துக்கு ஒரு பக்கமாவது நாலு நிறமும் வருகிற மாதிரி போடுங்கள். மையை டேங்கில் உள்ள கீழ்க் கோட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள், அங்கேயும் காற்று ஏறும்.

மாடிவீடு:
சரி தம்பி. மாமனாரிடம் விவரம் சொன்னேன். போர்டில் பிரிண்டர் சுவிட்ச் மேல் அவரே செல்லோடேப் ஒட்டிவிட்டார்.