‘மெமரி பத்தல’ன்றாங்க, 380 ஜிபி காலியா கிடக்கு. எது நிசம்?

உரக்கடை கணக்கு, மன்னார்குடி:

வணக்கம். உரக்கடையில கணக்கு எழுதுறேன். கடை கம்ப்யூட்டருக்கு எட்டு வயசு. காலையில சுவிட்சைப் போட்டுட்டு, வாசல் தெளிச்சு, சாமி படத்துக்குப் பூ வச்சிட்டு வந்தாலும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. சம்பா நடவு நேரத்துல யூரியாவுக்கு நிக்கிறவங்க முன்னாடி பில் வராம மானம் போவுது.

சர்வீஸ் கடையில, “மெமரி 4 ஜிபிதான், பத்தாது. பேசாம சிபியூவையே மாத்திடுங்க”ன்னாங்க. நான் பாத்தா டிஸ்க்குல 380 ஜிபி காலி. இன்னொன்னு, வாங்கினது 500 ஜிபி, உள்ள காட்டுறது 465. மிச்சத்தை யார் எடுத்தா? முதலாளி என்னைத்தான் கேக்குறார்.

பழைய மெக்கானிக், கும்பகோணம்:

தங்கச்சி, ரெண்டையும் ‘மெமரி’ன்னு சொல்லியே எங்க ஆளுங்க குழப்பிட்டாங்க. அந்த 4 ஜிபி ரேம். அது களம். 500 ஜிபி ஹார்டு டிஸ்க். அது பத்தாயம். பத்தாயம் பாதி காலியா இருக்குன்னு களத்துல கூடுதலா நாலு கட்டு போட்டு அடிக்க முடியுமா? களம் நெறைஞ்சா கொஞ்சத்தைத் தூக்கிட்டுப் போய் பத்தாயத்துல வச்சு, மறுபடி எடுத்துட்டு வரணும். கம்ப்யூட்டரும் அதையேதான் பண்ணுது. கரண்டு போனா களத்துல இருந்தது போச்சு, பத்தாயத்துல இருக்கிறது இருக்கும். பாதி பில்லை சேவ் பண்ணாம விட்டா காணாமப் போறது இதனாலதான்.

ஆனா உங்க விஷயத்துல எனக்கு ரேம் மேல சந்தேகம் இல்ல, டிஸ்க் மேலதான். உள்ள தட்டு ஒன்னு நிமிஷத்துக்கு 5400 இல்லன்னா 7200 சுத்து சுத்துது. கிராமபோன் ஊசி மாதிரி ஒரு கை அங்கயும் இங்கயும் ஓடித் தேடணும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலா போடுற எஸ்எஸ்டியில சுத்துறதும் இல்ல, ஓடுறதும் இல்ல, எல்லாம் சில்லுதான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க, எது எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டுற டாஸ்க் மேனேஜர் திறக்கும். டிஸ்க் 100 சதவீதத்துல நின்னா சந்தேகமே வேணாம். நீங்க பயன்படுத்துறது 85 ஜிபிதானே, 240 ஜிபி எஸ்எஸ்டி தாராளம்.

465 கதை: பண்ணையில நெல்லு வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்க ஒரு மரக்கால் வச்சிருந்ததை வீட்டுப் பெரியவங்க சொல்லியிருப்பாங்க. இங்கயும் அதே. டிஸ்க் கம்பெனிக்கு ஒரு ஜிபின்னா 100 கோடி பைட். விண்டோஸுக்கு 1024-ஐ மூணு தடவை பெருக்கி, 107 கோடிக்கு மேல. யாரும் திருடல, மரக்கால்தான் வேற.

சிபியூன்னு அவங்க சொல்றது மொத்தப் பெட்டியையா, உள்ள உள்ளங்கையில அடங்குற பிராசஸரையான்னு கேளுங்க. பெட்டின்னா, வேற கடை பாருங்க.

நன்னிலம் தம்பி:

அண்ணே, இப்ப 4 ஜிபியில பிரவுசர் திறந்தாலே மூச்சு முட்டுது. அதையும் 8 ஆக்கச் சொல்லுங்க. ஆனா உங்க கம்ப்யூட்டருக்கு எந்த ரக ரேம், டிடிஆர்3-யா டிடிஆர்4-ஆன்னு பாத்து வாங்கணும். ரெண்டுலயும் வெட்டு வேற இடத்துல இருக்கும், மாறினா சொருகவே முடியாது. நான் அவசரத்துல ஒருமுறை வாங்கிட்டு வந்து, திருப்பித் தர்றதுக்கு ரெண்டு பஸ் ஏறினேன்.

வேதாரண்யத்துக்காரன்:

எதை மாத்தினாலும் முதல்ல கணக்கை வேற எடத்துல காப்பி எடுங்க. 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப எங்க கடை ஓடு பறந்து, கம்ப்யூட்டர் நனைஞ்சது. பேக்கப் எடுத்த பென்டிரைவும் அதே மேசை டிராயர்ல. ஹார்டு டிஸ்க் சாகுமுன்ன பல சமயம் டக் டக்னு சத்தம் போடும். எஸ்எஸ்டி சத்தமே இல்லாமப் போயிடும்.

உரக்கடை கணக்கு, மன்னார்குடி:

அமுக்கிப் பாத்தேன் அண்ணே. ரேம்ல ஒரு ஜிபி இன்னும் மிச்சம், டிஸ்க் 100-லயே நிக்குது. பென்டிரைவை முதலாளி வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிட்டேன். ஒன்னு கேக்க மறந்துட்டேன், தினமும் காலையில தேதி பழைய வருஷத்துக்குப் போயிடுது. பில்லுல கையால மாத்துறேன்.

பழைய மெக்கானிக், கும்பகோணம்:

அதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா! மதர்போர்டுல, அதான் உள்ள இருக்கிற பெரிய போர்டுல, காசு மாதிரி சிஆர்2032 பேட்டரி ஒன்னு இருக்கும். கரண்டு இல்லாதப்ப தேதியை ஓட வைக்கிறது அதுதான், தீர்ந்துடுச்சு. தேதி தப்பா இருந்தா வெப்சைட் பலதும் திறக்காது. எஸ்எஸ்டி போடுற அன்னைக்கே அதையும் மாத்தச் சொல்லுங்க. வாட்ச் கடையிலயே கிடைக்கும்.