ரீபூட்ல ஹேங் ஆகுற வீஎம்: ‘தொங்கல்’ வேண்டாம், வேற சொல் பாப்போம்

மார்த்தாண்டத்துல இருந்து:

வணக்கம் எல்லாருக்கும்.

வீஎம் (வர்ச்சுவல் மிஷின், ஒரு கம்ப்யூட்டருக்குள்ள சாஃப்ட்வேரா ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) பத்தி நாம எழுதுற தமிழ்க் கையேட்டுல ‘ரீபூட் ஹேங்’குக்கு, அதாவது ரீபூட் குடுத்ததும் நின்னு போறதுக்கு, ‘மறுதொடக்கத் தொங்கல்’னு போட்டிருக்கு. செங்கோட்டை அண்ணாச்சி கோவிச்சுக்கிடக் கூடாது, எனக்கு அது ஒட்டல. தொங்கல்ல கிடக்குன்னா நம்ம பக்கத்துல பட்டா மாறாம தாலுகா ஆபீஸ்ல கிடக்குற ஃபைல்தான் ஞாபகம் வரும், இன்னைக்கு இல்லன்னா அடுத்த மாசம் நடந்துரும்ங்கிற நெனப்பும் அதுக்குள்ள இருக்கு. ரீபூட் குடுத்துட்டு எந்திரிக்காத வீஎம் அப்படியா? பிங்குக்குப் பதில் வராது, எஸ்எஸ்எச் வழியா உள்ள போக முடியாது, ஹோஸ்ட்ல (வீஎம்ம சுமக்குற மிஷின்ல) கேட்டா மட்டும் ‘ரன்னிங்’னு கூசாம சொல்லும்.

நான் ‘முடக்கம்’ பக்கம். களியக்காவிளை தாண்டுனா மலையாளப் பத்திரிகையில ‘வைத்யுதி முடங்ஙும்’னு தலைப்பு பாக்கலாம், எந்தெந்த ஏரியாவுல கரண்ட் இருக்காதுங்கிற அறிவிப்பு. வந்துக்கிட்டிருந்தது நிக்கும்னு அர்த்தம், பாறசாலைக்கு இந்தப் பக்கம் இருக்கவங்களுக்கும் அத யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம். நம்ம தமிழ்ல ‘முடங்கிக் கிடக்கான்’னா ஆளு உயிரோடதான் இருக்கான், எந்திரிக்கல. ரெண்டயும் சேத்தா இந்த வீஎம் கதைதான்.

ஆனா நான் சொல்ல வந்தது அது மட்டும் இல்ல. ‘ஹேங்’னு ஒத்தச் சொல்ல வச்சுக்கிட்டு ஆளுக்கொரு வைத்தியம் பாக்கோம். புகார் டிக்கெட்ல ‘ரீபூட்ல ஹேங்’னு ஒரே வரி இருக்கும், ராத்திரி ஷிஃப்ட்காரன் அத பாத்துட்டு நேரா ‘விர்ஷ் டெஸ்ட்ராய்’ அடிப்பான் (விர்ஷ்னா ஹோஸ்ட்ல இருந்து வீஎம்ம ஆட்டிவைக்கிற கருவி), அது ஓடிக்கிட்டிருக்கும்போதே பவர உருவுற கட்டளை, உள்ள டேட்டாபேஸ் பாதி எழுதிக்கிட்டிருந்தா காலையில அழுறது வேற ஒருத்தன். எந்த இடத்துல மாட்டுச்சுன்னு சொல்லே சொல்லிட்டா அவன் கை கொஞ்சம் தயங்கும்லா. அதனால ஒரு சொல் போதாது, மூணு வேணும்: இறங்குமுடக்கம், இடைமுடக்கம், ஏறுமுடக்கம். ஏறுமுகம் இறங்குமுகம்னு சொல்றோம்லா, அதே வாய்ப்பாடுதான்.

இறங்குமுடக்கம்னா கெஸ்ட் ஓஎஸ் (வீஎம்முக்குள்ள ஓடுற ஓஎஸ்) தன்னை அடைக்கும்போதே நின்னு போறது. கன்சோல (வீஎம்மோட திரைய) திறந்து பாத்தா சிவப்பு நட்சத்திரக்குறி அங்கயும் இங்கயும் ஆடிக்கிட்டிருக்கும், பக்கத்துல ‘எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்’னு ஒரு வரி, அதுக்குப் பக்கத்துல 1 நிமிஷம் 30 செகண்டுக்கு எண்ணிக்கை ஓடும். இது முடக்கமே இல்ல, காத்திருப்பு! லினக்ஸ்ல சர்வீஸ்கள ஏத்தி இறக்குற சிஸ்டம்டி ஒரு சர்வீஸ் நிக்கறதுக்கு வழக்கமா 90 செகண்ட் பாக்கும், அதுக்கப்புறம் அதுவே கொன்னு போட்டுட்டு மேல போகும். அத்தன நேரம் பொறுக்க முடியாமத்தான் பாதிப்பேர் பவர உருவுறாங்க. அது தாண்டியும் நகரலன்னாத்தான் நெஜ முடக்கம்: ஏதோ ஒரு புரோசஸ் டிஸ்க் பதிலுக்காக டி நிலையில (கொல்லவும் முடியாத காத்திருப்புல) கிடக்கும், 120 செகண்டுக்கு மேல பிளாக் ஆகிக் கிடக்குன்னு ஓஎஸ்ஸோட மையமான கெர்னல் கன்சோல்ல புலம்பும், இல்லன்னா நெட்வொர்க் முந்தி இறங்கிட்டு நெட்வொர்க் வழியா வர்ற என்எஃப்எஸ் ஷேர் மட்டும் இன்னும் மவுண்ட்ல, அதாவது மாட்டுனபடியே, இருக்கும்.

இடைமுடக்கம் ரொம்ப அபூர்வம், ஆனா வந்தா மண்டை காயும். கடைசி வரி ‘ரீபூட்: ரீஸ்டார்ட்டிங் சிஸ்டம்’. அவ்வளவுதான், அதுக்குப் பொறவு ஒரு எழுத்து வராது. கெர்னல் தன் வேலைய முடிச்சு மிஷின் கையில குடுத்தாச்சு, மிஷின் ரீசெட் ஆகல. கெர்னல் வரியில (பூட் ஆகும்போது கெர்னலுக்குக் குடுக்குற வரியில) ‘ரீபூட்’னு ஒரு பாராமீட்டர் உண்டு, ஏசிபிஐ, கீபோர்டு கன்ட்ரோலர், பிசிஐ, ஈஎஃப்ஐன்னு எந்த வழியா ரீசெட் பண்ணணும்னு அதுல சொல்லலாம், மாத்திப் பாக்கணும். கிராஃபிக்ஸ் கார்ட அப்படியே வீஎம்முக்குத் தூக்கிக் குடுத்திருந்தா கார்டு மேலதான் முதல் சந்தேகம். ஏஎம்டி கார்டுகள் சிலது சரியா ரீசெட் ஆகாதுங்கிறது ஊரறிஞ்ச விஷயம், சில நேரம் ஹோஸ்டையே ரீபூட் பண்ணாத்தான் விடும்.

ஏறுமுடக்கம்னா திரும்ப எழும்பும்போது நின்னு போறது, இதுல பெரும்பாலும் வீஎம் மேல குத்தமே இருக்காது, நாம கன்சோல பாக்காததுதான் குத்தம். போன தடவ பூட் அரைகுறையா முடிஞ்சிருந்தா உபுண்டுவோட கிரப் மெனு (எந்த ஓஎஸ்ஸ எழுப்பணும்னு கேக்குற மெனு) வழக்கத்த விட ரொம்ப நேரம் நிக்கும், பழசு சிலதுல யாராவது கீ அமுக்குற வரைக்கும் நிக்கும். கீபோர்டு எங்க இருக்கு? எந்த டிஸ்க்க எங்க மாட்டணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல எழுதுன டிஸ்க்க யாரோ கழட்டியிருந்தா 90 செகண்ட் தேடிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போயி ரூட் பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கும், வெளிய இருந்து பாக்கவனுக்கு அது ஹேங். பழைய கெர்னல்ல ரேண்டம் எண்ணுக்கு என்ட்ரபி (கணிக்க முடியாத தற்செயல் தரவு) பத்தாம பூட் நிக்குற கூத்தும் உண்டு, லினக்ஸ் 5.4ல இருந்து அந்தத் தொல்லை கொறஞ்சிருச்சு, அதுக்கு முந்தின கெஸ்ட்டுக்கு ஹோஸ்ட்ல இருந்து ரேண்டம் எண் குடுக்குற விர்ட்டியோ ஆர்என்ஜி ஒண்ணு சேத்து விட்டாப் போதும்.

மூணுல எதுன்னு தெரியணும்னா சீரியல் கன்சோல் (வீஎம்மோட செய்திகள வெறும் எழுத்தா வெளிய அனுப்புற வழி) இருந்தே ஆகணும். கெஸ்ட் கெர்னல் வரியில கன்சோல் டிடிஒய்எஸ்0ன்னு ஒண்ண சேத்து வச்சா, முந்தியே திறந்து வச்ச ‘விர்ஷ் கன்சோல்’ல கடைசி வரி அப்படியே நிக்கும். நல்லா இருக்கும்போதே சேத்து வைங்க, மாட்டுனதுக்கப்புறம் சேக்க வழி கிடையாது.

கம்பத்துல இருந்து:

அண்ணே, மூணு சொல்லுக்கும் ஓட்டு போட்டாச்சு. ஆனா ‘முடக்கம்’ காகிதத்துல எழுதுன மாதிரி இருக்கு. எங்க பக்கம் ஏர்ல பூட்டுன மாடு நடு வயல்ல படுத்துக்கிட்டு நகர மாட்டேன்னா சண்டி பண்ணுதும்பாங்க. ‘வீஎம் சண்டி பண்ணுது’. யாருக்கும் புரியும். கையேட்டுல ‘சண்டி’ன்னே போட்டா என்ன?

சித்தூர், பாலக்காட்டுல இருந்து:

தம்பி சொல்றது பேச்சுக்கு நல்லாத்தான் இருக்குதுங்க, ஆனா எங்கூர்ல சண்டின்னா சக்கை, இல்லாட்டி குளத்துல படர்ற பாசி, மலையாளத்துல அப்படித்தான். அதுவுமில்லாம சண்டிங்கறது வேணும்னே செய்யறது, வீஎம்முக்கு என்னங்க வீம்பு.

முடக்கத்துக்கும் எனக்கு ஒரு ஆட்சேபணை இருக்குது. வங்கிக் கணக்கு முடக்கம், இணைய முடக்கம்னு பேப்பர்ல வர்றதெல்லாம் யாரோ ஒருத்தர் வேணும்னே செஞ்சது. இது தானா நடக்கறது. ‘முடங்கல்’னு மாத்திக்கலாமுங்களா?

மார்த்தாண்டத்துல இருந்து:

டீச்சர், நல்ல கேள்வி. முடங்கல்னு போட்டா பழைய இலக்கியம் படிச்சவங்க ஓலைக் கடிதம்னு சண்டைக்கு வருவாங்க, ஆனா அதுக்காக நான் வேண்டாம்னு சொல்லல, வாயில நிக்காதுன்னுதான் யோசிக்கேன். ஏறுமுடங்கல், சொல்லிப் பாருங்க. பேரு முடக்கம்னே இருக்கட்டும், வாக்கியத்துல வரும்போது ‘முடங்கியது’ மட்டும், ‘முடக்கப்பட்டது’ எங்கயும் வரக் கூடாதுன்னு நடைக்குறிப்புல ஒரு வரி சேத்துருவோம். முடக்கப்பட்டதுக்கு வேற வேலை இருக்கு. ஹோஸ்ட்ல டிஸ்க் நிறைஞ்சு போனா க்யூஇஎம்யூ (ஹோஸ்ட்ல வீஎம்ம ஓட்டுற புரோகிராம்) வீஎம்ம தானே நிப்பாட்டி வைக்கும், விர்ஷ்ல காரணத்தோட ‘டொம்ஸ்டேட்’ (வீஎம் எந்த நிலையில இருக்குன்னு) கேட்டா ‘பாஸ்டு’ன்னு சொல்லி பக்கத்துல ஐஓ எரர்னும் சொல்லும். அங்க ஒருத்தன் முடக்கியிருக்கான், இடத்த காலி பண்ணிட்டு ‘ரெஸ்யூம்’ குடுத்தா விட்ட இடத்துல இருந்து ஓடும். இதயும் ஹேங்னு எழுதி ரீசெட் பண்ணுனவங்க இருக்காங்க.

கம்பம் தம்பி, சண்டிய நாம பேசிக்கிடுவோம், கையேட்டுக்கு வேண்டாம்.

செங்கோட்டையில இருந்து:

எனக்கு ஒரு கோவமும் இல்ல, தொங்கல நானே எடுத்துருதேன். ஆனா ‘மறுதொடக்கம்’ பத்தி யாரும் பேசலியே. கெஸ்ட்டுக்குள்ள இருந்து ரீபூட் குடுத்தா ஹோஸ்ட்ல க்யூஇஎம்யூ புரோசஸ் சாகாது, அதே புரோசஸ்தான் ஓடிக்கிட்டிருக்கும். வீஎம்மோட செட்டிங் இருக்குற எக்ஸ்எம்எல்ல ‘விர்ஷ் எடிட்’ல மாத்துனது எதுவும் அதனால எடுபடாது, முழுசா அணைச்சு திரும்ப எழுப்பணும். முடங்குன வீஎம்முக்கு செட்டிங் மாத்திட்டு ரீபூட் குடுத்து, மாத்தியும் சரியாகலன்னு எழுதறவங்க இதுலதான் ஏமாறுதாங்க. அதனால ரீபூட் ‘மறுதொடக்கம்’, முழுசா அணைச்சு எழுப்புறது ‘அணைத்தெழுப்பல்’, ரெண்டும் தனித்தனிப் பதிவா இருக்கணும். ரீசெட்டுக்கு ‘மீட்டமை’ போடாதீங்க, அது செட்டிங்க பழைய நிலைக்குக் கொண்டுபோற பட்டன்ல ஏற்கெனவே உக்காந்திருக்கு.

மார்த்தாண்டத்துல இருந்து:

அணைத்தெழுப்பல் பிரமாதம் அண்ணாச்சி, அப்படியே ஏத்திருதேன். ரீசெட்டுக்கு இப்போதைக்கு ‘ரீசெட்’னே இருக்கட்டும், நல்லது கிடைச்சா மாத்திக்கிடலாம்.

அப்புறம் கெஸ்ட்டுக்கு ‘விருந்தினர்’னு கையேடு முழுக்க இருக்கு. 4ஆம் பக்கத்துல ‘விருந்தினர் முடங்கினால் அவரை வலுக்கட்டாயமாக அணைக்கவும்’னு ஒரு வரி வருது. அதுக்கு யாராவது தனி இழை தொடங்குங்க.