குடும்பக் குழு: மணிக்கணக்கு வேலைக்கும் ஃபர்லோ உண்டா?

2020 ஏப்ரல் 16, வியாழன்

சின்னவள் (மாலை 6:42): மாமா, உங்களிடம் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. எங்கள் பல்கலைக்கழகத்து கஃபேயில் அக்டோபர் தொடக்கத்திலிருந்து வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்து வந்தேன் அல்லவா? கொரோனா முடக்கத்தால் மார்ச் மாதம் அதை மூடிவிட்டார்கள். நாங்கள் கேஷுவல் பட்டியலில் இருப்பவர்கள், இத்தனை மணி நேரம் வேலை தருவதாக எங்களுக்கு யாரும் உறுதி கொடுக்கவில்லை, ஆகவே எங்களை ஃபர்லோவில், அதாவது வேலை நின்றவர்களின் சம்பளத்தில் ஒரு பங்கை பிரிட்டிஷ் அரசாங்கம் கொடுக்கும் திட்டத்தில், சேர்க்க முடியாது என்று இன்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. பணக்கஷ்டம் உள்ளவர்கள் மாணவர் உதவி நிதிக்கு விண்ணப்பிக்கலாமாம். அதே கஃபேயில் நிரந்தரமாக வேலை செய்யும் இருவருக்கு 80 வீதச் சம்பளம் கிடைக்கிறது. அவர்கள் சொல்வது சரிதானா?

பெரியப்பா, வெம்பிளி (6:55): பிள்ளை, மனவருத்தம் வேண்டாம், ஆனால் அவர்கள் சொல்வதில் எனக்குப் பிழை தெரியவில்லை. மணிக்கணக்கு வேலை என்றால் வேலை இருக்கும் கிழமை சம்பளம், இல்லாத கிழமை இல்லை என்று தெரிந்துதானே சேருகிறோம். மாணவர் கடனின் மூன்றாம் தவணையும் வழக்கம்போல வரும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. குடும்பத்தை வைத்துக்கொண்டு வேலை இழந்து நிற்கிறவர்களுக்காக வந்த திட்டத்தில் மாணவர்களும் வரிசையில் நிற்பது எனக்கு அவ்வளவு நியாயமாகப் படவில்லை.

சித்தி, லெஸ்டர் (7:03): அத்தான், அந்தக் கடன் வாடகைக்கே போதாது. இவள் இருக்கும் வீட்டுக்கு ஜூலை வரை ஒப்பந்தம் இருக்கிறது, வீட்டுக்காரர் ஒரு பவுண் கூடக் குறைக்கவில்லை. சாப்பாட்டுச் செலவுக்கு கஃபே சம்பளத்தைத்தான் நம்பியிருந்தாள். முழுநேர மாணவர்களில் பெரும்பாலானோருக்கு யுனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவித்தொகையும் கிடையாது. இரவு வேலைக்கு ஆஸ்பத்திரி வோர்டுக்குப் புறப்படுகிறேன், காலையில் வந்து வாசிக்கிறேன். ஹாரோ அண்ணாவே சரியான விதியைச் சொல்லட்டும்.

மாமா, ஹாரோ (7:31): மூன்று கிழமையாக என் வாடிக்கையாளர்களின் பேரோல், அதாவது ஊழியர் சம்பளப் பதிவுக் கணக்கோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மார்ச் 20ஆம் தேதி நிதியமைச்சர் ரிஷி சுனக் அறிவித்த திட்டத்தில், வேலையில் இருப்பவர் நிரந்தரமா, பகுதி நேரமா, வேலை நேரத்துக்கு உறுதி தராத "ஜீரோ-அவர்ஸ்" (zero-hours) ஒப்பந்தமா, ஏஜென்சி மூலம் வந்தவரா என்ற பாகுபாடு இல்லை. அவருடைய சம்பளம் பி.ஏ.ஒய்.ஈ. முறையில், அதாவது எச்.எம்.ஆர்.சி. என்னும் வரித் திணைக்களத்துக்கு முறைப்படி அறிவிக்கப்பட்டுக் கொடுக்கப்படுகிறதா என்பதுதான் கேள்வி. முதலில் பெப்ரவரி 28ஆம் தேதி பேரோலில் இருந்திருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். நேற்றுத்தான் அதை மார்ச் 19 என்று மாற்றினார்கள். அந்தத் தேதிக்குள் ஒருவருடைய சம்பள விபரம் எச்.எம்.ஆர்.சி.க்குப் போயிருந்தால் அவரைச் சேர்க்கலாம். எனவே "கேஷுவல் என்பதால் முடியாது" என்று உங்கள் பல்கலைக்கழகம் எழுதியிருப்பது விதிக்குப் பொருந்தாது. "சேர்க்க விரும்பவில்லை" என்று எழுதியிருந்தால் அது வேறு கதை, ஏனென்றால் ஒருவரை ஃபர்லோவில் போடுவதா இல்லையா என்று தீர்மானிப்பது முதலாளிதான், வேலையாளாகிய நீ நேரடியாக விண்ணப்பிக்கவும் முடியாது, எனக்குத் தந்தே ஆக வேண்டும் என்று சட்டப்படி கேட்கவும் முடியாது. ஆகவே உரிமைப் பிரச்சினையாக இதைக் கொண்டுபோகாமல், அவர்கள் காட்டும் காரணம் தவறு என்பதைக் காட்டி, முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்பதே வழி.

மாமா, ஹாரோ (7:38): அத்தானுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போதைய நிலையில் 80 வீதத்தையும், மாதம் 2,500 பவுண் என்ற உச்சவரம்புக்குள், அரசாங்கமே கொடுக்கிறது. அந்தத் தொகைக்கான முதலாளியின் நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற சமூகக் காப்புறுதிக் கட்டணத்தையும் குறைந்தபட்சப் பென்ஷன் பங்களிப்பையும் கூடத் திருப்பித் தருகிறது. மீதி 20 வீதத்தைத் தன் கையிலிருந்து போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே மாணவரைச் சேர்த்தால் நிரந்தரமாக இருப்பவரின் பங்கு குறைந்துவிடும் என்பது தவறு. இது ஒரே பானையிலிருந்து பங்கு போடும் சோறு அல்ல. முதலாளிக்கு மிஞ்சுவது கணக்கெழுதும் வேலை மட்டுமே.

சின்னவள் (7:50): பல்கலைக்கழகம் அரச நிதி பெறும் நிறுவனம் என்பதால் இந்தத் திட்டம் தங்களுக்கு உரியதல்ல என்றும் அந்த மின்னஞ்சலில் ஒரு வரி இருக்கிறது, மாமா.

மாமா, ஹாரோ (8:14): தெருவில் எல்லோரும் தாதியருக்காகக் கைதட்டிக்கொண்டிருந்ததால் தாமதமாகிவிட்டது. நீ சொன்ன அந்த வரிதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகத் தெரிகிறது. அரசாங்க வழிகாட்டுதலில் உள்ளது இதுதான்: ஊழியர் சம்பளத்துக்காக அரச நிதி பெற்று, அந்த நிதி தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், அந்தப் பணத்தைக் கொண்டே ஊழியர்களுக்கு வழக்கம்போலச் சம்பளம் கொடுக்க வேண்டும், ஃபர்லோவில் போடக் கூடாது. அதாவது உங்கள் சம்பளம் அரச நிதியிலிருந்து வந்தது என்று அவர்கள் சொன்னால், உங்களுக்குத் தொடர்ந்து சம்பளம் கொடுக்க வேண்டும். கஃபே தன் வியாபார வருமானத்தில் நடந்தது என்று சொன்னால், அந்த வருமானம் நின்றுவிட்ட நிலையில் ஃபர்லோவுக்கு வழி திறக்கிறது. இரண்டு கதவையும் சாத்திவிட்டு, உதவி நிதிக்குப் போய் விண்ணப்பியுங்கள் என்று சொல்ல அந்த வழிகாட்டுதலில் இடம் இல்லை. உங்கள் கடிதத்தின் மையம் இதுவாக இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்து அண்ணா, கவென்ட்ரி (8:26): மாமா, நானும் கேட்கலாமா? நான் சனி ஞாயிறுகளில் வேலை செய்யும் ஹோட்டலின் மேலாளர், மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு அரச உதவி எடுக்க அனுமதி இல்லை, ஃபர்லோவில் போட்டால் உன் விசாவுக்கே சிக்கல் வரும் என்றார். எனக்குப் பயமாகிவிட்டதால் அதன் பிறகு அவரிடம் ஒன்றும் கதைக்கவில்லை.

மாமா, ஹாரோ (8:33): பயப்படாதே தம்பி. ஃபர்லோவாக வரும் பணம், உன் விசாவில் தடுக்கப்பட்டிருக்கும் "பொது நிதி" என்ற வகைக்குள் வராது, எந்த வகை விசாவில் இருப்பவரையும் ஃபர்லோவில் போடலாம் என்று எச்.எம்.ஆர்.சி.யின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்தோ படம் பிடித்தோ மேலாளருக்கு அனுப்பு. அவரும் வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டார், யாரோ சொன்னதை நம்பியிருப்பார். ஒன்று மட்டும் கவனம்: ஃபர்லோவில் இருக்கும்போது வேறு இடத்தில் வேலைக்குப் போனாலும், தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற விசா நிபந்தனை அப்படியே இருக்கிறது. சூப்பர்மார்க்கெட்டுகள் ஆள் எடுக்கின்றன என்று அளவுக்கு மீறி ஷிஃப்ட் எடுத்துவிடாதே.

பெரியம்மா, வெம்பிளி (8:40): தம்பி, நம் ரெஸ்டோரன்ட்டில் பரிமாறின இரண்டு பெடியன்களும் மாணவர்கள்தானே. அவர்களுக்கு இது பொருந்தாதா? நேற்றும் ஒருவன் போன் எடுத்து, அங்கிள் எப்போது திறப்பார் என்று கேட்டான்.

பெரியப்பா, வெம்பிளி (8:52): அவர்கள் இருவரும் பேரோலில்தான் இருக்கிறார்கள். சிலர் செய்வதுபோல நான் கையில் காசு கொடுத்து அனுப்புவதில்லை. ஆனால் நான் முதலில் சம்பளம் கொடுத்துவிட்டு அரசாங்கத்திடமிருந்து எப்போது வரும் என்று காத்திருக்க முடியாது. கடை வாடகையும் கடன் தவணையும் தலைக்கு மேல் நிற்கின்றன. பெரிய சமையல்காரர்கள் மூவரை மட்டுமே சேர்க்க நினைத்திருந்தேன்.

மாமா, ஹாரோ (9:05): இணையதளம் திங்கட்கிழமை, 20ஆம் தேதி திறக்கிறது. கோரிக்கை போட்டு ஆறு வேலை நாட்களில் பணம் வங்கிக்கு வரும் என்கிறார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே கோரிக்கையாகப் போடலாம், சம்பள நாளையும் அதற்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். செய்ய வேண்டியது, ஒவ்வொருவருக்கும் ஃபர்லோவில் போட்டதை எழுத்தில் அறிவித்து, அந்தப் பதிவை ஐந்து வருடம் வைத்திருப்பதுதான். அத்தான் கையில் காசு கொடுப்பதைப் பற்றிச் சொன்னதும் உண்மை. அப்படி வேலை செய்த மாணவர்கள்தான் இன்று மிக மோசமாக அகப்பட்டிருக்கிறார்கள், ஏனென்றால் எச்.எம்.ஆர்.சி.யைப் பொறுத்தவரை அவர்கள் எங்கும் வேலை செய்யவே இல்லை. என்னிடம் கேட்டு வந்த அப்படிப்பட்ட இரண்டு பிள்ளைகளுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பெரியப்பா, வெம்பிளி (9:11): சரி, அவர்கள் இருவரின் சம்பள விபரத்தையும் நாளை அனுப்புகிறேன். தொகை எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன்.

2020 ஏப்ரல் 18, சனி

சின்னவள் (காலை 11:20): மாமா, கஃபேயில் வேலை செய்தவர்களும் பல்கலைக்கழகத்தைப் பார்க்க வருபவர்களுக்கான ஓப்பன் டே வழிகாட்டிகளுமாக முப்பது பேருக்கு மேல் சேர்ந்து ஒரே கடிதமாக எழுதுகிறோம். எங்கள் கிழமைச் சம்பளம் ஒருபோதும் ஒரே அளவாக இருந்ததில்லை, அப்படியானால் 80 வீதம் எதன்மேல் கணக்கிடப்படும் என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

மாமா, ஹாரோ (11:47): ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவர் என்றால், போன வருடம் அதே மாதம் வாங்கிய சம்பளம், 2019-20 வரி ஆண்டின் சராசரி ஆகிய இரண்டில் எது கூடவோ அதை எடுப்பார்கள். உன்னைப் போல இடையில் சேர்ந்தவருக்கு, சேர்ந்த நாளிலிருந்து ஃபர்லோ தொடங்கும் நாளுக்கு முதல் நாள் வரையான சராசரி. அக்டோபர் 1இலிருந்து மார்ச் 22 வரை மொத்தம் 2,088 பவுண் வாங்கியிருந்தாய் என்று வைத்துக்கொள். அது 174 நாட்கள், நாளுக்கு 12 பவுண். ஏப்ரலின் 30 நாளுக்கு 360, அதில் 80 வீதம் 288 பவுண். கிறிஸ்துமஸ் விடுமுறையில் கஃபே மூடியிருந்த நாட்களும் அந்த 174க்குள் அடங்கும் என்பதால் சராசரி நீ நினைப்பதைவிடக் குறைவாகத்தான் வரும். ஆனாலும் சாப்பாட்டுச் செலவுக்கு அது பெரிய தொகை. இரண்டு இடத்தில் வேலை செய்தவர்களை இரண்டு முதலாளிகளும் தனித்தனியாக ஃபர்லோவில் போடலாம் என்பதையும் உன் நண்பர்களிடம் சொல். நேற்றைய அறிவிப்பின்படி திட்டம் ஜூன் இறுதி வரை நீடிக்கிறது.

சித்தி, லெஸ்டர் (12:10): கடிதத்தில் கோபமான வார்த்தைகள் வேண்டாம் பிள்ளை. ஆனால் கெஞ்சவும் வேண்டாம்.

சின்னவள் (12:34): எழுதிய பகுதியை இங்கே போடுகிறேன், எல்லோரும் பாருங்கள். "மார்ச் 19ஆம் தேதிக்கு முன்னர் எங்கள் சம்பள விபரங்கள் எச்.எம்.ஆர்.சி.க்கு அறிவிக்கப்பட்டிருக்கின்றன. கேஷுவல் ஒப்பந்தம் இத்திட்டத்துக்குத் தடையல்ல. எங்கள் சம்பளம் அரச நிதியிலிருந்து வழங்கப்பட்டதாகப் பல்கலைக்கழகம் கருதினால், அது தொடர்ந்து வழங்கப்பட வேண்டும். வியாபார வருமானத்திலிருந்து வழங்கப்பட்டதாகக் கருதினால், எங்களை ஃபர்லோவில் சேர்க்கும்படி வேண்டுகிறோம். இவ்விரண்டில் பல்கலைக்கழகத்தின் நிலைப்பாடு எது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்."

மாமா, ஹாரோ (12:41): நன்றாக இருக்கிறது. ஒவ்வொருவரும் பெப்ரவரி மாதச் சம்பளச் சீட்டை இணைத்து அனுப்புங்கள். மாணவர் சங்கத்துக்கும் வளாகத்துத் தொழிற்சங்கத்துக்கும் ஒவ்வொரு பிரதி போகட்டும்.

பெரியப்பா, வெம்பிளி (1:15): கடைசி வரி கெட்டித்தனமான வரி. என்னிடம் இப்படி எழுதிக் கேட்டால் நானும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பெடியன்கள் இருவரையும் சேர்த்தே போடு தம்பி, கணக்கைப் பார்த்தேன்.

2020 மே 14, வியாழன்

சின்னவள் (மாலை 5:08): பதில் வந்துவிட்டது. கஃபே மூடிய நாளிலிருந்து கணக்கிட்டு எங்களை ஃபர்லோவில் சேர்க்கிறார்கள். ஆனால் மார்ச்சில் புதிதாகச் சேர்ந்த நால்வருக்கு முதல் சம்பளம் அந்த மாதக் கடைசியில்தான் வந்ததால், மார்ச் 19க்குள் அவர்களின் பெயர் எச்.எம்.ஆர்.சி.க்குப் போகவில்லை, அவர்களை எடுக்க முடியாதாம். ஏற்கெனவே ஒதுக்கப்பட்டு ரத்தான ஷிஃப்ட்டுகளுக்கான சம்பளத்தையாவது அவர்களுக்குத் தரும்படி இன்னொரு கடிதம் எழுதுகிறோம்.

யாழ்ப்பாணத்து அண்ணா, கவென்ட்ரி (5:20): எனக்கு ஏப்ரல் மாதத்துக்கான பணம் போன கிழமையே வந்துவிட்டது. மேலாளர் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, என்னோடு வேலை செய்த மற்ற விசா மாணவர்களையும் சேர்த்துவிட்டார்.

பெரியப்பா, வெம்பிளி (5:46): அந்த நால்வரின் கதைதான் மனதைக் குடைகிறது. சம்பளத் தேதி இரண்டு கிழமை முந்தியிருந்தால் அவர்களுக்கும் கிடைத்திருக்கும். வேலை செய்தவன் ஒருவன், தேதி வைத்தவன் இன்னொருவன்.

2020 மே 30, சனி

மாமா, ஹாரோ (காலை 9:12): நேற்றைய அறிவிப்பை எல்லோரும் கவனியுங்கள். திட்டம் அக்டோபர் இறுதி வரை ஓடும், ஆனால் ஜூன் 30க்குப் பிறகு புதிதாக யாரையும் சேர்க்க முடியாது. அதற்குள் மூன்று கிழமை ஃபர்லோவில் இருந்து முடித்திருக்க வேண்டும் என்பதால், முதன்முறையாக ஒருவரைப் போடுவதற்குக் கடைசி நாள் ஜூன் 10. "பார்க்கலாம்" என்ற பதிலோடு இன்னும் காத்திருக்கும் மாணவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்தக் கிழமையே எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், ஞாயிறு மாலை இருந்து பார்த்துத் தருகிறேன்.

சின்னவள் (9:30): எங்கள் கடிதத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு வகுப்புக் குழுவில் போட்டுவிட்டேன் மாமா. வேறு இடங்களில் கேஷுவலாக வேலை செய்த மூன்று பேர் ஏற்கெனவே கேட்டு எழுதியிருக்கிறார்கள், அவர்களின் சீட்டுகளை இன்றைக்கே அனுப்புகிறேன்.