பேபால் இன்வாய்ஸ் 499.99 டாலர்: அனுப்புநர் முகவரி அசல்தான், ஆனாலும் சந்தேகமாக இருக்கிறது

கேள்வி:
வணக்கம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு டிசைன் வேலை செய்து பேபால் வழியாகப் பணம் வாங்குகிறேன். நேற்று இரண்டு மெயில் வந்தன.

முதலாவது, 499.99 டாலருக்கு பிட்காயின் வாங்கியதாக ஓர் இன்வாய்ஸ். ‘நீங்கள் வாங்கவில்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் அழைக்கவும்’ என்று ஓர் அமெரிக்க எண். அனுப்புநர் சர்வீஸ் அட் பேபால் டாட் காம். ஜிமெயிலில் மூன்று புள்ளியைத் தட்டி ‘ஷோ ஒரிஜினல்’ பார்த்தேன். மெயில் அசல் சர்வரிலிருந்துதான் வந்ததா என்று சோதிக்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுமே ‘பாஸ்’.

இரண்டாவது, ‘உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது’. அவசரத்தில் லிங்கைத் தட்டி பாஸ்வேர்டைப் போட்டுவிட்டேன். உடனே போனுக்கு ஓடிபி வந்தது. அதைப் போடாமல் பக்கத்தை மூடிவிட்டேன். ஓடிபி நிஜமாகவே வந்ததால் அந்தப் பக்கம் அசல்தானோ?

பதில் 1:
இரண்டாவதுதான் அவசரம், அதை முதலில் பாருங்கள். அந்தப் பக்கம் போலி. நீங்கள் அங்கே போட்ட பாஸ்வேர்டை அந்த நொடியே அசல் தளத்தில் போட்டிருக்கிறார்கள். அதனால் அசல் தளம் உங்களுக்கு ஓடிபி அனுப்பியது. ஓடிபி வந்ததே உங்கள் பாஸ்வேர்டு அவர்கள் கையில் சரியாகப் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நீங்கள் ஓடிபி போடாமல் விட்டது நல்லதாயிற்று.

இப்போதே செய்ய வேண்டியவை: பேபால் முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டு மெயிலுக்கும் இருந்தால் மெயிலைத்தான் முதலில் மாற்ற வேண்டும். மெயில் அவர்கள் கையில் இருந்தால் பேபாலில் என்ன மாற்றினாலும் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று மறுபடி நுழைந்துவிடுவார்கள். பிறகு செட்டிங்ஸில் புதிய மெயில் முகவரி, போன் எண், வீட்டு முகவரி, வங்கிக் கணக்கு எதுவும் சேர்ந்திருக்கிறதா, ‘ஆட்டோமேட்டிக் பேமென்ட்ஸ்’ பகுதியில் தெரியாத கடை இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் போனின் கைரேகை அல்லது பின்னால் நுழைவது) வசதி உங்கள் கணக்கில் தெரிந்தால் போட்டுவிடுங்கள். அது அசல் முகவரியில் மட்டும்தான் வேலை செய்யும், போலிப் பக்கத்துக்கு நீங்களே நினைத்தாலும் கொடுக்க முடியாது.

இன்வாய்ஸ் மெயிலை ஸ்பாம் என்று குறித்துவிட்டு மறந்துவிடுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதில் கடைசி வரியை மட்டும் தயவுசெய்து செய்ய வேண்டாம். அந்த இன்வாய்ஸ் பேபால் சர்வரிலிருந்தே வந்தது. அதை ஸ்பாம் என்று குறித்தால், வாடிக்கையாளர் பணம் அனுப்பிய அறிவிப்புகளும் நாளைக்கு ஸ்பாமுக்குள் போய் விழலாம்.

இந்த வகை மோசடி நடக்கும் விதம் இதுதான். பிசினஸ் கணக்கு வைத்திருக்கும் யாரும், எந்த மெயில் முகவரிக்கும் இன்வாய்ஸ் அனுப்பலாம். ‘வாங்குபவருக்குக் குறிப்பு’ என்ற பெட்டியில் மோசடிக்காரர் தன் போன் எண்ணை எழுதிவிடுகிறார். மற்றதையெல்லாம் பேபாலே அச்சு அசலாக அனுப்பிவிடுகிறது. டிகிம் ‘பாஸ்’ என்பது கடிதம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதற்குத்தான் சாட்சி. உள்ளே எழுதியிருப்பது உண்மை என்பதற்கு அல்ல. பெறுநர் இடத்தில் உங்கள் முகவரி இல்லாமல் வேறு ஏதோ முகவரி இருந்தால், மெயிலிங் பட்டியல் வழியாகத் திருப்பி விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இன்வாய்ஸ் வந்தால் பணம் போய்விட்டது என்று ஆகாது. அது வெறும் கேட்பு. ‘ஆக்டிவிட்டி’ பகுதியில் கட்டாத இன்வாய்ஸாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. நீங்கள் ‘பே’ தட்டாதவரை ஒரு சென்ட்கூட நகராது. அந்த எண்ணை மட்டும் அழைக்காதீர்கள். எனிடெஸ்க் மாதிரி, தூரத்திலிருந்தே உங்கள் திரையை இயக்க விடும் ஒரு செயலியை இறக்கச் சொல்லி, ‘ரீஃபண்ட்’ என்ற பேரில் உங்கள் வங்கித் திரைக்குள் வந்துவிடுவார்கள்.

கேள்வி கேட்டவர்:
இரண்டு பேருக்கும் நன்றி. பாஸ்வேர்டுகளை மாற்றிவிட்டேன். புதிதாக எதுவும் சேரவில்லை. பேபாலில் வரும் பணம் தானாகவே வங்கிக்குப் போய்விடுகிறது, அங்கே இருப்பு இல்லை. அப்படியானால் இனி பயமில்லையா?

பதில் 2:
இருப்பு இல்லாவிட்டாலும் கார்டு இணைத்திருப்பீர்கள். ஆபத்து அதில்தான். வெளிநாட்டுத் தளங்களில் நம் கார்டிலிருந்து ஓடிபி இல்லாமலே பணம் எடுபடலாம். வங்கிச் செயலியில் கார்டு கட்டுப்பாடுகளுக்குப் போய் ‘இன்டர்நேஷனல்’ பொத்தானை அணைத்துவிடுங்கள். தேவைப்படும் நாளில் மட்டும் திறந்தால் போதும். போலிப் பக்கத்தில் கார்டு எண்ணும் கொடுத்திருந்தால் அணைப்பது போதாது, கார்டையே முடக்கி வேறு வாங்க வேண்டும்.

இன்னொன்று, கணினியில் ஜிமெயிலைத் திறந்து செட்டிங்ஸில் ‘ஃபில்டர்ஸ்’, ‘ஃபார்வர்டிங்’ இரண்டையும் பாருங்கள். மெயிலுக்குள் நுழைந்தவர்கள், பேபால் மெயில் வந்தவுடன் குப்பைக்குப் போகும்படி ஒரு ஃபில்டர் போட்டுவைப்பது வழக்கம். போன் செயலியில் ஃபில்டர்கள் தெரியாது.

பதில் 3:
லிங்க் பற்றி யாரும் சொல்லவில்லை. முகவரியை இடமிருந்து படிக்காதீர்கள். தொடக்கத்தில் உள்ள ‘https://’ போக, அடுத்து வரும் முதல் சாய்கோடு வரை போய், அங்கிருந்து இடப்பக்கமாகப் பொதுவாகக் கடைசி இரண்டு துண்டுகளைப் பாருங்கள். ‘பேபால் டாட் காம் டாட் வெரிஃபை-அக்கவுண்ட் டாட் டாப்’ என்று இருந்தால் அந்தத் தளத்தின் பெயர் ‘வெரிஃபை-அக்கவுண்ட் டாட் டாப்’. முன்னால் இருக்கும் பேபால் வெறும் ஒட்டு. போனில் முகவரி வெட்டுப்பட்டுத் தெரிவதால் இது எளிதில் தப்பிவிடும். பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் செயலி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல அறிகுறி உண்டு: வழக்கமாகத் தானே நிரப்புவது அன்று நிரப்பாமல் நின்றால், கையால் டைப் செய்ய வேண்டாம்.

பணம் உண்மையிலேயே போயிருந்தால் நேரம்தான் முக்கியம். முதலில் வங்கி, உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, நாமே ரகசியத்தைக் கொடுத்துவிட்ட வழக்கில், வங்கிக்குச் சொல்லும்வரை போனது நம் தலையில். சொன்ன பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. புகார் எண்ணையும் நேரத்தையும் கட்டாயம் குறித்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஃபில்டர் எதுவும் இல்லை. இன்வாய்ஸ் ‘கட்டப்படவில்லை’ என்றே இருந்தது, ரத்து செய்துவிட்டேன். இன்டர்நேஷனலை அணைத்தாயிற்று. மெயில்களை அழித்துவிடலாமா?

பதில் 2:
முதலில் இரண்டையும் அப்படியே பிஷிங் அட் பேபால் டாட் காம் முகவரிக்கு ஃபார்வர்டு செய்யுங்கள். தலைப்பை மாற்றாதீர்கள், எதையும் வெட்டாதீர்கள். அதன்பிறகு அழிக்கலாம்.