செனன் மின்குமிழ் பூட்டிய பிறகு இடப்பக்க முன்விளக்கு அணைந்துவிடுகிறது: உதவி தேவை

நெல்லியடியான்:
வணக்கம். கடந்த வாரம் என் காருக்குச் செனன் மின்குமிழ்கள் பூட்டுவித்தேன். வலப்பக்கம் ஒழுங்காக எரிகிறது. இடப்பக்கம் ஊதா நிறத்தில் மினுங்கிவிட்டுச் சில விநாடிகளில் அணைந்துவிடுகிறது. பூட்டித் தந்தவர் குமிழ் பழுது, இன்னொன்று வாங்குங்கள் என்கிறார். ஞாயிறு விடியுமுன் கிளிநொச்சிக்குப் புறப்பட வேண்டியிருப்பதால் தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

பனங்கூடல்:
எந்தக் கார், எந்த ஆண்டு, குமிழ் எச்4 வகையா எச்7 வகையா, 35 வாற்றா 55 வாற்றா, பற்றரியிலிருந்து றிலேயுடன் (மின்னால் இயங்கும் சுவிச்சுடன்) தனி வயர் இழுத்திருக்கிறார்களா அல்லது பழைய சொக்கற்றிலேயே செருகிவிட்டார்களா என்பவற்றில் ஒன்றையும் நீங்கள் எழுதவில்லையே.

ஊர்க்குருவி:
ஊதா நிறம் தெரிந்தால் குமிழின் ஆயுள் முடிந்துவிட்டது என்பதுதான் பொருள். என் பழைய காரிலும் இப்படித்தான் ஆனது. வேறு ஆராய்ச்சி தேவையில்லை, மாற்றிவிடுங்கள்.

பனங்கூடல்:
ஒரு வாரக் குமிழுக்கு ஆயுள் முடியுமா? பணம் செலவழிக்குமுன் இரண்டு குமிழ்களையும் பக்கம் மாற்றிப் பூட்டிப் பாருங்கள். கோளாறு குமிழுடன் சேர்ந்து வலப்பக்கம் போனால் குமிழ்தான் பழுது. இடப்பக்கத்திலேயே நின்றால் குமிழில் குற்றமில்லை. பிறகு குமிழுக்கு மின் கொடுக்கும் பலாஸ்ற் பெட்டிகளையும் அப்படியே மாற்றிப் பாருங்கள். சுவிச்சை நிறுத்தி, குமிழ் ஆறிய பின்னரே கை வைக்க வேண்டும். கண்ணாடியில் விரல் படக் கூடாது.

மின்பொறி:
இதே கேள்விக்கு எத்தனை முறைதான் விடை எழுதுவது? செனன் குமிழில் இழை கிடையாது. வாயுவுக்குள் தீப்பொறியை ஏற்படுத்தப் பலாஸ்ற் முதலில் 20,000 வோல்ற்றுக்கு மேற்பட்ட துடிப்பொன்றைக் கொடுக்கும். எரியத் தொடங்கியதும் 35 வாற்றில் நிலைபெறும். எரியத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் ஒவ்வொரு பலாஸ்றும் 10 அம்பியர் அளவுக்கு இழுத்து, பின்னர் மூன்று, மூன்றரை அம்பியருக்கு இறங்கும். அந்த நேரத்தில் வோல்ற்றளவு விழுந்தால் விளக்கு அணையும், அவ்வளவுதான். இதை விளங்கிக்கொள்ளாமல் குமிழை மாற்றச் சொல்வது வயிற்றுவலிக்குப் பல்லைப் பிடுங்கச் சொல்வதற்கு ஒப்பானது.

ஊர்க்குருவி:
அறிவு இருப்பதில் தவறில்லை ஐயா, அதைச் சற்று மரியாதையுடன் சொல்லலாம்.

நெல்லியடியான்:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். கார் 2002 ஆம் ஆண்டு டொயோட்டா விட்ஸ். எச்4, 35 வாற், 6000 கெல்வின், றிலே வயருடன் வந்தது. பக்கத்து வீட்டு அண்ணாவிடம் மல்ரிமீற்றர் வாங்கி, பலாஸ்றைக் கழற்றிவிட்டு அந்தச் செருகியில் அளந்தேன், 12.4 வோல்ற் காட்டுகிறது. ஆகவே வயர் சரி என்று நினைக்கிறேன். எஞ்சின் ஓடும்போது சில தடவை இடப்பக்கமும் எரிகிறது.

மின்பொறி:
சுமை இல்லாமல் எடுத்த அளவீட்டை வைத்து வயர் சரி என்று முடிவெடுக்க முடியாது. ஒரேயொரு நூலிழை பிடித்திருந்தாலும் மீற்றர் 12.4 காட்டும். எஞ்சின் ஓடும்போது எரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்போது மின்னாக்கி 14 வோல்ற் அளவில் கொடுப்பதால் இழப்புப் போகவும் பலாஸ்றுக்குப் போதியது மிஞ்சுகிறது. இடப்பக்கம் எரிந்துகொண்டிருக்கும்போதே பலாஸ்றிலிருந்து காரின் உடற்தகட்டுக்குப் போகும் எர்த் வயரின் பலாஸ்ற் பக்க முனைக்கும் பற்றரியின் மறை முனைக்கும் இடையில் அளவுங்கள். குமிழுக்குப் போகும் வயரைத் தொடாதீர்கள்.

வல்லைக்காற்று:
நெல்லியடியிலிருந்து வல்லை வெளியால் தினமும் போய்வருபவர்களுக்கு இது புதிய விடயமல்ல. அந்த உப்புக் காற்றில் எர்த் போல்ற்றுகள் பச்சை பிடித்துவிடும். என் காரில் வருடத்துக்கு ஒருமுறை கழற்றித் துப்புரவு செய்து கிறீஸ் தடவுகிறேன்.

துவிச்சக்கரம்:
விளக்கு எரிய வைப்பது ஒருபுறம் இருக்கட்டும். இரவில் எதிரே வரும் எங்களைப் பற்றியும் ஒருவர் நினைக்க வேண்டாமா? இப்படிப்பட்ட கார் ஒன்று வந்தால் வீதியின் ஓரம் எங்கே, மதகு எங்கே என்று தெரியாமல் இறங்கி நிற்க வேண்டியிருக்கிறது.

ஊர்க்குருவி:
அது 8000 கெல்வின் போடுபவர்களின் குற்றம். 6000 கண்ணைக் கூசாது.

மின்பொறி:
கெல்வின் என்பது நிறம், கூச்சத்தின் அளவன்று. நிறம் நீலமாகப் போகப் போக வெளிச்சம் குறையுமே தவிர கூடாது. மழையில் வீதியைப் பார்க்க 4300 தான் நல்லது. கூச்சத்துக்குக் காரணம் விளக்குக் கூடு. எச்4 அலசன் குமிழில், அதாவது இழையுள்ள வழமையான குமிழில், தாழ்கதிர் (கீழ்நோக்கிய வெளிச்சம்) தரும் இழைக்குக் கீழே கிண்ணம் போன்றொரு தடுப்பு உண்டு. வெளிச்சத்தைத் தெறிக்கச் செய்யும் தெறிகிண்ணம் அந்த இழையின் இடத்தைக் கணக்கில் வைத்தே செய்யப்பட்டது. அந்த இடத்தில் வேறு வடிவமுள்ள செனன் தீப்பொறியை வைத்தால் வெளிச்சம் மேலேயும் சிதறும். வெளிச்சத்தின் அளவு அலசன் தாழ்கதிருக்குச் சுமார் 1000 லூமன். தொழிற்சாலையிலேயே பூட்டி வரும் செனனுக்குச் சுமார் 3200. ஐக்கிய நாடுகளின் வாகன விதி 48 இல், 2000 லூமனுக்கு மேற்பட்ட தாழ்கதிருக்குத் தானாக மட்டம் சரிசெய்யும் அமைப்பும் கண்ணாடி கழுவும் அமைப்பும் கேட்பது அதனால்தான்.

ஊர்க்குருவி:
அப்படியானால் இங்கே ஓடும் வாகனங்களில் பாதியை நிறுத்த வேண்டிவரும்.

துவிச்சக்கரம்:
நிறுத்தினால் நான் கவலைப்பட மாட்டேன்.

நெல்லியடியான்:
குமிழ்களையும் பலாஸ்றுகளையும் மாற்றிப் பார்த்தேன். கோளாறு இடப்பக்கத்திலேயே நிற்கிறது. எஞ்சின் ஓட, எரியும்போது அளந்ததில் இடப்பக்க எர்த்தில் 1.4 வோல்ற், வலப்பக்கத்தில் 0.1.

பனங்கூடல்:
விடை கிடைத்துவிட்டது. மூன்றரை அம்பியரில் 1.4 வோல்ற் என்றால் அந்த இணைப்பின் தடை 0.4 ஓம். எரியத் தொடங்கும் 10 அம்பியருக்கு அதே தடையில் 4 வோல்ற் இழப்பு. உங்கள் 12.4 இல் அதைக் கழித்தால் 8.4. பெரும்பாலான பலாஸ்றுகள் 9 வோல்ற்றுக்குக் கீழே தம்மை நிறுத்திக்கொள்ளும். எர்த் வளையத்தைப் பெயின்ற் பூசிய தகட்டின் மேல் முறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெள்ளைத் தகடு தெரியும்வரை சுரண்டிவிட்டு இறுக்குங்கள்; பின் துரு ஏறாமல் மேலே கிறீஸ் பூசுங்கள்.

மின்பொறி:
நான் முதலிலேயே சொன்னேன்.

நெல்லியடியான்:
பெயின்ற்றின் மேல்தான் முறுக்கியிருந்தார்கள். சுரண்டிப் பூட்டினேன். இப்போது எஞ்சின் ஓடாமலும் இரண்டும் எரிகின்றன. எல்லோருக்கும் நன்றி.

துவிச்சக்கரம்:
மகிழ்ச்சி தம்பி. புறப்படுமுன் சமதரையில் சுவரிலிருந்து 10 மீற்றர் தள்ளிக் காரை நிறுத்தி, கதிரின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தை விடக் குறைந்தது 10 சென்ரிமீற்றர் கீழே விழுகிறதா என்று பார்த்தீர்களா?

துவிச்சக்கரம்:
தம்பி, பார்த்தீர்களா?

வல்லைக்காற்று:
அவர் இந்நேரம் ஆனையிறவு தாண்டியிருப்பார்.