Re: பட்டியலாக்கத்தில் ஸ்கிரிப்ட்: கைநிரல் எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். நூலகப் பட்டியலாக்க வேலைக்கு நாமே எழுதிக்கொள்ளும் சிறு நிரலை, அதாவது ஸ்கிரிப்டை, "கைநிரல்" எனலாம் என்று முன்மொழிந்திருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> குறுநிரல் என்று ஏற்கெனவே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, குறுநிரல் அளவை மட்டுமே சொல்கிறது. ஆப்லெட்டுக்கும் (வேறொரு மென்பொருளுக்குள் ஓடும் சிறு நிரல்) அதையே சிலர் எழுதுகிறார்கள். நூலகத்தில் இது செய்யும் வேலையைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

நூல்களை அடையாளம் காட்டும் பன்னாட்டுத் தர எண்ணான ஐஎஸ்பிஎன் 2007 சனவரியில் 13 இலக்கமானது. நூலகங்கள் நூல் விவரங்களைக் கணினியில் பதியும் வடிவம் மார்க் 21. பழைய நூல்களின் மார்க் 21 பதிவுகளில், ஐஎஸ்பிஎன்னுக்கான 020 புலத்தில் 10 இலக்க எண்ணே இருக்கும். அதை மாற்ற, கடைசிச் சரிபார்ப்பு இலக்கத்தை எடுத்துவிட்டு, முன்னால் 978 சேர்த்து, சரிபார்ப்பு இலக்கத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். ஒரு நூலுக்கு என்றால் கையாலேயே போடலாம். அலமாரி அலமாரியாக என்றால்? பைத்தான் நிரல்மொழியில், மார்க் பதிவுகளைக் கையாளும் பைமார்க் நிரல்தொகுப்பின் துணையோடு சில வரிகள் எழுதினால் வேலை முடிந்தது.

தமிழ்ப் பதிவுகளுக்கு இதைவிட அவசரமான தேவை ஒன்று உண்டு. "கொ" என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்து, அல்லது கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்து. திரையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் சீராக்கம் செய்யாத (இரண்டையும் ஒரே வடிவமாக்காத) தேடலில் ஒன்றைத் தட்டினால் மற்றது வராது. நூல் அலமாரியில் இருக்கும், வாசகரோ இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவார். இது எனக்குப் பொறுக்கவே முடியாத விஷயம். கண்ணால் பார்த்துத் திருத்த முடியாத இந்தப் பிழையை நிரல்தான் திருத்த முடியும்.

அப்புறம் ஆசிரியர் பெயர். மு. வரதராசன் போன்ற பெயரில் குடும்பப்பெயர் கிடையாது. ஆனால் பிற நூலகங்களிலிருந்து இறக்கும் பதிவுகளில், ஆசிரியர் பெயருக்கான 100 புலத்தின் முதல் சுட்டி 0 (இயற்பெயர்), 1 (குடும்பப்பெயர்) எனக் கலந்து கிடக்கும். இங்கே நிரல் தானாக முடிவெடுக்கக் கூடாது. ஐயத்துக்குரிய பதிவுகளைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தால் போதும். முடிவு பட்டியலாளருடையது.

> கைத்தறி, கைவினை என்றால் எந்திரம் கலக்காதது. தானாக நடக்கும் வேலைக்குக் "கை" எப்படிப் பொருந்தும்?

நியாயமான கேள்வி, அம்மா. ஆனால் கையேடு, கைவிளக்கு, கைப்பை என்பவற்றில் "கை" வேறு பொருள் தருகிறது: சிறியது, எப்போதும் எட்டும் இடத்தில் இருப்பது. கைவைத்தியம் என்பதில் நமக்கு நாமே செய்துகொள்வது என்ற பொருளும் சேர்கிறது. மேலே சொன்ன நிரல்களும் அப்படித்தான். நூலகர் தன் தேவைக்குத் தானே எழுதிக்கொள்கிறார், விற்பனைக்கு அல்ல.

> உரைநிரல்?

பொதுக் கணினித் துறைக்குச் சரி. நமக்குச் சிக்கல். பட்டியலாக்கத்தில் ஸ்கிரிப்ட் என்றாலே எழுத்துமுறை. மார்க் பதிவின் 880 புலமே வேற்றெழுத்து வடிவத்துக்குத்தான். தமிழில் "உரை" என்றாலோ திருக்குறள் உரை போன்றவை உடனே நினைவுக்கு வரும். ஒரே குறிப்பில் அந்த உரையும் உரைநிரலும் வந்தால் படிப்பவர் குழம்புவார்.

சொல்லைப் புழங்கியும் பார்த்தேன். "கைநிரல் எழுது", "கைநிரலை ஓட்டு", "ஐஎஸ்பிஎன் கைநிரல்" எதுவும் நாக்கில் இடறவில்லை. மேக்ரோவை இதில் சேர்க்க வேண்டாம். பதிவுசெய்த விசை அழுத்தங்களை அப்படியே திரும்பச் செய்வதற்குத் தனிச்சொல் தேவை.

ந் மிகுந்து "கைந்நிரல்" என்றும் எழுத இலக்கணம் இடம் தருகிறது. இரண்டையும் அனுமதித்தால் தேடலில் அதுவும் இரண்டாகப் பிரியும். சொற்பட்டியலில் "கைநிரல்" என்ற வடிவத்தை மட்டும் ஏற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு பட்டியலாளர்